எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடச் சொல்கிறார் அண்ணன்

கேள்வி:

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் குடும்பத்துக்கு மளிகைப் பொருள் மொத்த வியாபாரக் கிடங்கு இருக்கிறது. அப்பா தொடங்கியது. இப்போது அண்ணன் நடத்துகிறார். கணக்கும் சம்பளமும் என் பொறுப்பு. ஊழியர்கள் 24 பேர். தேக்கா கடைகள், உணவகங்கள், சில கோயில்கள் எங்கள் வாடிக்கை. வீட்டுக்கே பொருள் அனுப்பும் வாடிக்கையாளர்கள் 1,300 பேர் இருக்கிறார்கள். 2019இல் சைபர் காப்புறுதி எடுத்தோம். அப்போது படிவம் 2 பக்கம். இந்த ஆண்டு புதுப்பிக்க வந்திருப்பது 11 பக்கம். சந்தாவும் முதலில் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. "எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' போட்டு அனுப்பு, போன வருஷமும் அப்படித்தானே போட்டோம்" என்கிறார் அண்ணன். உண்மை என்னவென்றால், எங்கள் மின்னஞ்சலுக்கு மறைச்சொல் மட்டும்தான். கணக்கு மென்பொருளுக்கு எல்லாரும் ஒரே மறைச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். பேக்கப் என்பது சர்வரில் எப்போதும் செருகியே இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். கணினி பார்க்கும் தம்பி தன் வீட்டிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வருவார். ரேன்சம்வேர், அதாவது கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல், வந்தால் காப்புறுதி நிறுவனமே பணத்தைக் கட்டி மீட்டுத் தந்துவிடாதா? எங்களைப் போன்ற சின்ன இடத்தை யார் தேடி வரப்போகிறார்கள்? பேசாமல் பாலிசியை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

படிவத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றே தரகரைக் கூப்பிட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மற்றதை எல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

நான் 16 ஆண்டுகளாகக் காப்புறுதித் துறையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். என் மேசைக்கு வந்து பணம் கிடைக்காமல் திரும்பிப்போன சைபர் கோரிக்கைகளில் பல, தாக்குதல் நடந்த இரவில் தோற்றவை என்று சொல்லமாட்டேன். எட்டு மாதத்துக்கு முன்பு, யாரோ ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் படிவத்தில் கையெழுத்துப் போட்டாரே, அன்றே அவை தோற்றுவிட்டன.

இரும்புச் சாமான் மொத்த வியாபாரி ஒருவரின் முகம் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. வயது அறுபதைத் தாண்டியவர். "பேக்கப்பை மாதந்தோறும் மீட்டுப் பார்த்துச் சோதிக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு அவருடைய படிவத்தில் 'ஆம்' என்று இருந்தது. தாக்குதலுக்குப் பிறகு வந்த தடயவியல் நிபுணர், அந்த பேக்கப் 14 மாதமாக ஓடவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பெரியவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து, "நான் அதைப் படிக்கவே இல்லை தம்பி. பென்சிலால குறிச்சுக் குடுத்தாங்க, நான் அதுமேல பேனாவால எழுதினேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து அவருடையது. கடைசியில் அவர் கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. கிடங்கில் ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் நினைவுதான் முதலில் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்திருக்கும் படிவத்தில், முதல் பக்கத்திலோ கையெழுத்து இடத்துக்கு அருகிலோ, ஓர் எச்சரிக்கை இருக்கும். நீங்கள் அறிந்த தகவல்களையும் அறிந்திருக்க வேண்டிய தகவல்களையும் முழுமையாகவும் உண்மையாகவும் சொல்ல வேண்டும், தவறினால் இந்தப் பாலிசியிலிருந்து உங்களுக்கு எதுவுமே கிடைக்காமல் போகலாம் என்பது அதன் சாரம். சிங்கப்பூர்க் காப்புறுதிச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் வாசகம் அது. அதில் 'அறிந்திருக்க வேண்டிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். எனக்குத் தெரியாது, கணினித் தம்பிக்குத்தான் தெரியும் என்று பிறகு சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும், எனக்கே எழுதியிருக்கிறீர்கள்.

இது வெறும் மிரட்டல் வாசகம் என்று அண்ணன் நினைக்கலாம். அவரிடம் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லுங்கள். இல்லினாய் மாநிலத்தில் மின்னணுப் பொருள் தயாரிக்கும் இன்டர்நேஷனல் கன்ட்ரோல் சர்வீசஸ் என்ற நிறுவனம், 2022இல் டிராவலர்ஸ் என்ற பெரிய காப்புறுதி நிறுவனத்திடம் சைபர் பாலிசி எடுத்தது. எம்எஃப்ஏ, அதாவது மறைச்சொல்லோடு கைப்பேசியிலும் இன்னொரு முறை உறுதிசெய்யும் ஏற்பாடு, இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று நிறுவனத் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். அதே ஆண்டு மே மாதம் ரேன்சம்வேர் தாக்கியது. விசாரித்துப் பார்த்தால், எம்எஃப்ஏ ஃபயர்வாலுக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் அரணுக்கு, மட்டும்தான் இருந்தது. தாக்குதல் நடந்த சர்வருக்கு இல்லை. ஜூலையில் டிராவலர்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கோரிக்கையை மறுத்தால் மட்டும் போதாது, பாலிசியே செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்று கேட்டது. ஆகஸ்ட்டிலேயே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பாலிசியை ரத்துசெய்து வழக்கை முடித்துக்கொண்டன. ஃபயர்வாலுக்கு எம்எஃப்ஏ வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்கே அந்த நிலை. உங்களிடம் எங்குமே இல்லை.

அது அமெரிக்கச் சட்டம், நமக்குப் பொருந்தாது என்று அவர் சொன்னால், காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் பேரில் நிற்கிறது என்ற கொள்கை இங்கும் அப்படியே உண்டு என்று சொல்லுங்கள். முக்கியமான தகவலை மறைத்திருந்தால் ஒப்பந்தத்தைத் தொடக்கத்திலிருந்தே இல்லாததாக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு வழி இருக்கிறது.

"போன வருஷமும் அப்படித்தானே போட்டோம்" என்ற வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ஆண்டுதோறும் புதுப்பிப்பது சட்டப்படி ஒவ்வொரு முறையும் ஒரு புது ஒப்பந்தம். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லும் கடமை புதிதாகப் பிறக்கிறது. அப்படியானால் இன்று கையில் இருக்கும் பாலிசியும் தவறான பதில்மேல்தான் நிற்கிறது. இதை மறைத்துவைப்பதில் ஒரு பயனும் இல்லை. இந்த முறை உண்மையாக 'இல்லை' என்று எழுதினால், போன ஆண்டு எப்படி 'ஆம்' ஆனது என்ற கேள்வி எப்படியும் வரும். ஆகவே தரகருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள்: முந்தைய படிவத்தில் இன்னின்ன பதில்கள் சரியாக இல்லை, இப்போதுள்ள நிலைமை இது, இந்தத் தேதிக்குள் இவற்றைச் சரிசெய்யப் போகிறோம் என்று. எழுத்தில் இருக்கட்டும். தொலைபேசியில் சொன்னது எதுவும் சொன்னதாகாது. அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காட்டிவிட முடிந்தால் இன்னும் நல்லது. அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். தாக்குதலுக்கு முன்பு தானாக வந்து சொல்பவரைக் காப்புறுதி நிறுவனம் பார்க்கும் விதம் ஒன்று, தாக்குதலுக்குப் பிறகு பிடிபட்டவரைப் பார்க்கும் விதம் வேறு. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

'இல்லை' என்று எழுதினால் பாலிசியே கொடுக்கமாட்டார்கள் என்ற பயம் பலருக்கும் உண்டு. சில நேரம் அப்படியும் நடக்கும். ஆனால் நான் பார்த்தவரையில், சரிசெய்யக் கெடு வைத்து ஏற்றுக்கொள்வார்கள். அல்லது நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய தொகையை, எக்ஸஸ் என்கிறோமே அதை, கூட்டுவார்கள். அல்லது ரேன்சம்வேர் பகுதிக்கு மட்டும் வரம்பைக் குறைப்பார்கள். கட்டம் சிறியதாக இருந்தால் தனித்தாளில் விளக்கம் இணையுங்கள். 'ஆம்', 'இல்லை' இரண்டும் பொருந்தாத கேள்விகள் அதில் நிறைய இருக்கும். உதாரணத்துக்கு, மின்னஞ்சலுக்கு எம்எஃப்ஏ போட்டு முடித்த ஒருவரிடம் "எல்லா ஊழியருக்கும் எம்எஃப்ஏ உண்டா?" என்று கேட்டால், "மின்னஞ்சலுக்கு உண்டு, கணக்கு மென்பொருளுக்கு இல்லை, அந்த மென்பொருளில் அதற்கு வசதியே கிடையாது" என்று எழுதுவதில் என்ன தவறு? உங்கள் நிலைமையை அப்படிச் சொல்லும் ஒரு வாக்கியம் பின்னாளில் உங்களைக் காப்பாற்றும்.

படிவம் ஏன் 2 பக்கத்திலிருந்து 11 பக்கம் ஆனது, சந்தா ஏன் இரண்டு மடங்கு ஆனது என்பதற்கும் காரணம் இதே ரேன்சம்வேர்தான். 2019இல் நீங்கள் பாலிசி எடுத்தபோது இந்த வியாபாரம் காப்புறுதி நிறுவனங்களுக்கு லாபமாக இருந்தது. கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பதோடு நின்றிருந்த கும்பல்கள், அந்த ஆண்டின் இறுதியில் 'மேஸ்' என்ற கும்பல் காட்டிய வழியில், பூட்டுவதற்கு முன்பே கோப்புகளைத் திருடிக்கொண்டு, பணம் தராவிட்டால் இணையத்தில் வெளியிடுவோம் என்று மிரட்டத் தொடங்கின. பேக்கப் வைத்திருந்தவரும் அதோடு மாட்டிக்கொண்டார். 2021 மே மாதம் அமெரிக்காவில் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் 75 பிட்காயின் கொடுத்தது. அன்றைய மதிப்பில் 4.4 மில்லியன் அமெரிக்க டாலர். அடுத்த சில வாரங்களில் இறைச்சி நிறுவனமான ஜேபிஎஸ் 11 மில்லியன் டாலர் கொடுத்தது. சிஎன்ஏ என்ற காப்புறுதி நிறுவனமே அந்த ஆண்டு தாக்கப்பட்டு 40 மில்லியன் டாலர் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. இத்தனை இழப்பு வந்த பிறகு காப்புறுதி நிறுவனங்கள் சந்தாவை ஏற்றின, வரம்பைக் குறைத்தன, கேள்விகளைப் பெருக்கின. அந்த 11 பக்கத்தில் ஒவ்வொரு கேள்வியும் எங்கோ ஒரு நிறுவனம் விழுந்த குழியைக் காட்டுகிறது. ரிமோட் டெஸ்க்டாப் பற்றிய கேள்வி அதில் இருப்பதற்குக் காரணம், கும்பல்கள் அந்த வாசல் வழியாகத்தான் அடிக்கடி நுழைந்தன.

2023க்குப் பிறகு சந்தை கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆகவே சந்தா குறையுமா என்று தரகரிடம் வேறு நிறுவனங்களின் விலையையும் கேட்கலாம். உண்மையான படிவத்தை வைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: அவர்களே பணத்தைக் கட்டி மீட்டுத் தந்துவிடமாட்டார்களா?

இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ, பலருக்கும் இருக்கிறது. முதலில் பாலிசியை எடுத்து, கும்பல் கேட்கும் பணமான பிணைத்தொகை பற்றிய பகுதியைப் பாருங்கள். மொத்த வரம்பு 1 மில்லியன் வெள்ளி என்று முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தாலும், பிணைத்தொகைக்கு மட்டும் உள்வரம்பு ஒன்று சிறிய எழுத்தில் இருக்கலாம். சில பாலிசிகளில் அந்தப் பகுதியே கிடையாது. 2021இல் ஆக்ஸா நிறுவனம் பிரான்சில் புதிய பாலிசிகளில் பிணைத்தொகையை ஈடுசெய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. உங்கள் பாலிசியில் அந்தப் பகுதி இருந்தாலும், காப்புறுதி நிறுவனத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் ஒரு வெள்ளி கொடுத்தாலும் அது உங்கள் சொந்தப் பணம். அடுத்து, யாருக்குக் கொடுக்கிறோம் என்ற சோதனை. 'ஈவில் கார்ப்' போன்ற கும்பல்களை அமெரிக்கா தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. தடைப்பட்டியலில் உள்ளவர்களுக்குப் பணம் போகும் என்றால் காப்புறுதி நிறுவனம் தொடவே தொடாது. பாலிசியில் அதற்கென்றே ஒரு விதி இருக்கும். இங்கும் பயங்கரவாதத்துக்கு நிதி போவதைத் தடுக்கும் சட்டம் உண்டு. முகம் தெரியாத ஒருவனுக்குப் பணம் அனுப்பிவிட்டு அவன் யாரென்று எனக்குத் தெரியாது என்று சொல்வது பெரிய பாதுகாப்பு ஆகாது.

பணம் கொடுப்பதைச் சிங்கப்பூர் அரசாங்கம் ஊக்குவிப்பதில்லை. இணையப் பாதுகாப்பு அமைப்பும் காவல்துறையும் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை அது. நானும் அதே பக்கம்தான். கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். கொலோனியலுக்குக் கிடைத்த திறவுநிரல் மிக மெதுவாக ஓடியதால், அவர்கள் தங்கள் பேக்கப்பிலிருந்தே வேலையைத் தொடர வேண்டியிருந்தது என்று அப்போது செய்தி வந்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் காவல் அமைப்பும் பல நாட்டுக் காவலர்களும் சேர்ந்து 'லாக்பிட்' கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றியபோது, பணம் கொடுத்தவர்களின் திருட்டுத் தரவுகளும் அங்கே அழிக்கப்படாமல் கிடந்தன. அழித்துவிட்டோம் என்று கும்பல் வாக்குக் கொடுத்திருந்த தரவுகள் அவை.

நீங்கள் கவலைப்பட வேண்டிய பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்கள் சர்வர் பூட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை, யார் எவ்வளவு பாக்கி, துறைமுகத்தில் எந்தக் கொள்கலன் காத்திருக்கிறது, எதுவும் தெரியாது. கிடங்கில் சரக்கு இருக்கும், விற்க முடியாது. வாடிக்கையாளர் இரண்டு நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் வேறு கிடங்குக்குப் போவார். இந்த வியாபார இழப்பை ஈடுகட்டும் பகுதி உங்கள் பாலிசியில் இருக்கிறதா, எத்தனை மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு அது தொடங்குகிறது என்று பாருங்கள். 8 மணி, 12 மணி என்று ஒவ்வொன்றிலும் வேறுபடும்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. வியாபார இழப்பைக் கோர வேண்டுமானால், போன ஆண்டு இதே மாதம் எவ்வளவு விற்றீர்கள், எவ்வளவு லாபம் என்று காட்ட வேண்டும். அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? பூட்டிக்கிடக்கும் சர்வரில். மாதக் கணக்கை ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்காய்வாளருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பாலிசியின் நகலையும் சர்வரில் வைக்காதீர்கள். உள்ளே நுழைந்தவர்கள் முதலில் தேடுவதில் அதுவும் ஒன்று. உங்கள் வரம்பு எவ்வளவு என்று தெரிந்தால் அதற்கேற்ப விலை வைப்பார்கள். 'ஹார்ட்பிட்' என்ற கும்பல் தன் மிரட்டல் கடிதத்திலேயே, காப்புறுதி எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறது. அச்சடித்து அலமாரியில் பூட்டி வையுங்கள். அதன் முதல் பக்கத்தில் காப்புறுதி நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். அந்த இரவில் நீங்கள் அழைக்க வேண்டிய முதல் எண் அதுதான். கணினித் தம்பி ஓடி வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிட்டால் தடயம் போய்விடும். நிறுவனம் ஒப்புக்கொண்ட நிபுணர் அல்லாதவருக்குக் கொடுத்த கூலியும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். வலைத்தொடர்பைத் துண்டிக்கட்டும், அதோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். பிறகு காவல்துறையிலும் இணையப் பாதுகாப்பு அமைப்பிலும் புகார் செய்யுங்கள்.

சின்ன இடத்தை யார் தேடி வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள் என்பது சரிதான். இணையத்தில் திறந்துகிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வாசல்களை நிரல்கள் இரவுபகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. திறந்த கதவுக்குள் நுழைந்த பிறகுதான் அது வங்கியா, பருப்புக் கிடங்கா என்று பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்ட ரேன்சம்வேர் சம்பவங்கள் 2020இல் 89. 2021இல் 137. 2022இலும் 2023இலும் 132 வீதம். 2024இல் 159. இவை புகாராக வந்தவை மட்டுமே, பாதிக்கப்பட்டவற்றில் சிறிய, நடுத்தர நிறுவனங்களே அதிகம். இன்னொன்றையும் பாருங்கள்: 2025 ஏப்ரலில் டிபிஎஸ் வங்கியின் சுமார் 8,200 வாடிக்கையாளர்களின் விவரங்கள் ஆபத்துக்கு உள்ளானது, வங்கிக்காக அறிக்கைகளை அச்சடித்துக் கொடுத்த ஒரு நிறுவனம் ரேன்சம்வேருக்கு இரையானதால். வங்கியின் சொந்தக் கணினிகளில் யாரும் நுழையவில்லை. உங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய உணவகங்களும் ஒருநாள் இதே கேள்விப் படிவத்தை உங்களிடம் நீட்டக்கூடும்.

அந்த 1,300 வீடுகளின் பட்டியலை மறந்துவிடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் விவரம் கசிந்தாலோ, கசிந்தது அவர்களுக்குக் கணிசமான தீங்கு விளைவிக்கும் என்றாலோ, அப்படி முடிவு செய்த 3 நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் இது கட்டாயம். உங்கள் ஊழியர்கள் 24 பேரின் அடையாள எண், சம்பளம், வங்கிக் கணக்கு ஆகியவை எண்ணிக்கையில் சிறியவைதான். ஆனால் தீங்கு என்ற கணக்கில் அவையும் இந்த விதிக்குள் வந்துவிடலாம். அபராதம் 1 மில்லியன் வெள்ளி வரை போகலாம். உள்ளூர் ஆண்டு வருவாய் 10 மில்லியனைத் தாண்டிய நிறுவனங்களுக்கு வருவாயில் 10 விழுக்காடு வரை போகலாம். அபராதத்தைக் காப்புறுதி கட்டும் என்று நம்பியிருக்க வேண்டாம். பாலிசிகள் பெரும்பாலும் 'சட்டம் அனுமதிக்கும் வரையில்' என்று எழுதி நழுவிக்கொள்ளும். வழக்கறிஞர் செலவு, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கும் செலவு ஆகியவை வழக்கமாகக் கிடைக்கும். அவையே சிறு தொகை அல்ல.

பாலிசியை விட்டுவிடலாமா என்றால், விட வேண்டாம் என்பது என் கருத்து. பிணைத்தொகைக்காக இப்படிச் சொல்லவில்லை. நள்ளிரவு 2 மணிக்குத் தொலைபேசியை எடுத்து, தடயவியல் நிபுணரையும் வழக்கறிஞரையும் அனுப்பிவைக்கும் ஒரு குழு உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு வேறு எந்த வழியிலும் கிடைக்காது. பெரிய நிறுவனங்களிடம் அந்த ஆட்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். சந்தாவில் பெரும்பகுதி அதற்குத்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் பொய்ப் படிவத்தின் மேல் வாங்கிய பாலிசி என்றால், விட்டுவிடுவதே மேல், சந்தாவாவது மிஞ்சும்.

போர்ச் செயலால் வரும் இழப்பை ஈடுகட்டமாட்டோம் என்று பாலிசியில் இருக்கும் போர் விலக்கு பற்றியும் ஒரு சொல். 2017 ஜூனில் 'நாட்பெட்யா' நிரல், உக்ரேனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக உலகெங்கும் பரவியது. மருந்து நிறுவனமான மெர்க் 1.4 பில்லியன் டாலர் இழப்புக் கோரியபோது, இது போர்ச் செயல் என்று காப்புறுதி நிறுவனங்கள் மறுத்தன. 2023இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மெர்க் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு சமரசமானது. அதற்குள் லண்டனின் லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தை, ஓர் அரசு பின்னணியில் நின்று நடத்தும் தாக்குதல்களை விலக்கும் வாசகத்தைத் தனி சைபர் பாலிசிகளில் 2023 மார்ச் 31 முதல் சேர்க்கச் சொல்லிவிட்டது. உங்கள் பாலிசியில் அந்த வாசகம் எப்படி இருக்கிறது, தாக்கியது ஓர் அரசு என்று நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்று தரகரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத தரகர் என்றால் வேறு தரகரைப் பாருங்கள்.

அதே நாட்பெட்யாவில் கப்பல் நிறுவனமான மார்ஸ்க்கும் மாட்டிக்கொண்டது. உலகெங்கும் அதன் முக்கியச் சர்வர்கள் அழிந்துபோயின. ஒன்றே ஒன்று தப்பியது, கானா அலுவலகத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால் அந்தச் சர்வர் வலைத்தொடர்பில் இல்லை. அதை வைத்துத்தான் நிறுவனத்தின் வலையமைப்பை மீட்டெடுத்தார்கள். சர்வரில் எப்போதும் செருகியே இருக்கும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். சர்வர் பூட்டிக்கொள்ளும் அதே நிமிடத்தில் அந்த டிஸ்க்கும் பூட்டிக்கொள்ளும். அது பேக்கப் என்று படிவத்தில் எழுதவே முடியாது.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று செருகியிருக்கும்போது மற்றொன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும், வாரந்தோறும் மாற்றுங்கள். மேகச் சேமிப்பில் ஒரு நகல், குறிப்பிட்ட நாள்வரை யாரும் அழிக்க முடியாத வகையில் பூட்டியதாக இருந்தால் இன்னும் நல்லது. மின்னஞ்சலுக்கு எம்எஃப்ஏ போடத் தனிக் காசு தேவைப்படாது; நீங்கள் ஏற்கெனவே கட்டும் மாதக் கட்டணத்திலேயே அது இருக்கும், ஒருவர் உட்கார்ந்து இயக்கிவிட வேண்டும், அவ்வளவே. ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்துவைப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தம்பிக்குச் சிரமமாக இருக்கும் என்பார், இருக்கட்டும். பொது மறைச்சொல்லை எடுத்துவிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பின் 'சைபர் எசென்ஷியல்ஸ்' முத்திரைக்குச் சிறு நிறுவனங்கள் தயாராக ஆலோசகர் செலவில் அரசு உதவியும் உண்டு. தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த முத்திரை கேட்கும் ஏற்பாடுகளும் உங்கள் படிவம் கேட்கும் ஏற்பாடுகளும் பெரும்பாலும் ஒன்றே.

அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் அடியில் அந்தக் கேள்வி இருப்பதாகத் தோன்றியது. அப்பா கட்டிய வியாபாரத்தை அவர் விளையாட்டாக எண்ணவில்லை. 11 பக்கத்தைப் பார்த்து மலைத்துவிட்டார், அவ்வளவுதான். வாதாட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கிடங்கு மூடியிருக்கும்போது அவரையும் கணினித் தம்பியையும் உட்கார வைத்து, பேக்கப்பிலிருந்து போன மாதக் கணக்கை வேறொரு கணினியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்க முடியவில்லை என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தில் "கடைசியாக எப்போது மீட்டுச் சோதித்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது?" என்ற கேள்வி கண்டிப்பாக இருக்கும். அந்தக் கட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கிடைத்த பதிலை அப்படியே எழுதுங்கள். பேனாவை அண்ணன் கையில் கொடுத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள்.